செருப்புக்குள் வைக்கும் சென்சார்

திருவான்மியூர், சென்னை

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சர்க்கரை நோயாளிகளின் பாத அழுத்தத்தை அளக்க நீயே இன்சோல் (செருப்புக்குள் வைக்கும் உள்தகடு) செய்யப்போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ரிச்சி தெருவில் எஃப்.எஸ்.ஆர். சென்சார் (அழுத்த அழுத்த மின்தடை குறையும் மெல்லிய தகடு) கேள், 12.7 மி.மீ. வட்டம். ஒரு காலுக்கு நாலு போதும்: குதிகால், கட்டைவிரல், கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னாலுள்ள மேடுகள். இடத்தை உத்தேசமாக வைக்காதே. பாதத்தில் சாக்பீஸ் பொடி தடவி இன்சோலில் ஏறி நிற்கச் சொல், அச்சு விழும் இடத்தில் ஒட்டு. வளைந்த பரப்பில் ஒட்டினால் கால் படாமலே எண் காட்டும். சென்சாரிலிருந்து நீளும் வால் போன்ற பட்டை மடங்கும் இடத்தில்தான் முதலில் அறுந்துபோகும். வியர்வை புகாமல் மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடிவிடு, நம்ம ஊர் மே மாதத்துக்கு அது கட்டாயம்.

பெரும்பாலான சர்க்யூட்டில் சென்சாரோடு தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜை அளப்பார்கள். விரலால் அழுத்திப் பார்க்க அது சரி. குதிகால் ஊன்றும்போது சென்சாரின் தடை 1 கிலோ ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். வோல்டேஜ் உச்சியில் ஒட்டிக்கொள்ளும், 3 கிலோ எடையும் 5 கிலோ எடையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். அதனால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடு. நொடிக்கு 100 முறை பதிந்தால் நடைக்குத் தாராளம்.

வோல்டேஜை அப்படியே எடையாக்காதே. அதிலிருந்து தடையைக் கண்டு, 1-ஐ அதனால் வகு. வரும் எண்தான் விசையோடு ஏறக்குறைய நேராக ஏறும். எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பதை மேசைமேல் செய்யாமல் அந்தச் செருப்பின் ரப்பர் மேலேயே செய். கல்லை வைத்த பிறகும் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். நடையில் பாதம் தரையில் இருப்பதே முக்கால் நொடிக்குள்தான், அதனால் வைத்த ஒரு நொடிக்குள் வரும் எண்ணையே எடுத்துக்கொள்.

நாலையும் கூட்டினால் உடல் எடை வராது. மொத்தப் பரப்பே 5 சதுர செ.மீ., மீதிப் பாதம் தாங்குவது உனக்குத் தெரியாது. தோலைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையும் இதில் விழாது, புண் வருவதில் அதற்கும் பங்குண்டு.

செருப்புக்குள் பாதத்தின் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. உன் வட்டத்தில் அது 25 நியூட்டன், இரண்டரை கிலோ. ஆனால் அது பாதம் முழுவதையும் அளக்கும் இன்சோலுக்கான எண். இந்தச் சென்சார் 24 நியூட்டன் காட்டியது என்று யாரிடமும் 'பயமில்லை' என்று சொல்லிவிடாதே. அதே ஆள், அதே சென்சார், சாதா செருப்பிலும் எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பிலும் நடக்கவிட்டு எவ்வளவு குறைகிறது என்று பார், அதை நம்பலாம். கால் எப்போது ஊன்றியது, எப்போது எடுத்தது என்பதையும் நம்பலாம்.

முதல் பதிவு எடுத்ததும் அனுப்பு. ஆளின் எடையையும் செருப்பு சைஸையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
ரவி