பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடும் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களே,

கனடாவின் ஸ்காபுறோவிலும் மார்க்கம் நகரிலும் பிரம்டனிலும் நம்மவர் பலர் வீட்டுக் கடனைச் சமாளிக்க பேஸ்மென்ட்டை, அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தை, வாடகைக்கு விடுகிறீர்கள். நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் தங்கள் முதல் குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படிக் குடியிருந்தவன், இன்று அத்தகைய வீடுகளைத் திருத்தும் வேலை செய்பவன் என்ற முறையில், அங்குள்ள குளியலறை நாற்றம் குறித்து எழுதுகிறேன்.

நாற்றம் எழுந்ததும், குடியிருப்பவர் கருவாடு பொரிக்கிறார், துப்புரவில்லை என்று சொல்லி, வாசனைப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டுப் பலர் மேலே ஏறிவிடுகிறீர்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பிழை கட்டுமானத்திலேயே இருந்தது. குளியலறைக் காற்றை வெளியேற்றும் விசிறி சத்தமாகச் சுழலும். ஆனால் அதன் குழாய் வெளிச்சுவர்வரை போகாமல், மேல்தளத்தைத் தாங்கும் மரங்களுக்கு இடையிலேயே முடிந்திருக்கும். குளிக்கும்போது எழும் நீராவியெல்லாம் அங்கே படிந்து பூஞ்சணம் பிடிக்கும். குழாய் வெளியே போகும் வீடுகளிலும், அது தொய்ந்து கிடந்தால், ஜனவரிக் குளிரில் நீராவி தண்ணீராகி அந்தப் பள்ளத்தில் தேங்கிக் காற்றை அடைத்துவிடும். ஆகவே விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போய், சுவரில் குழாய் முடியும் இடத்திலுள்ள மூடி அசைகிறதா என்று பாருங்கள். சிறிய குளியலறைக்கு நிமிடத்துக்கு 50 கன அடி இழுக்கும் விசிறியும், வெளிப்புறம் சரிந்து செல்லும், வெப்பக்காப்பு சுற்றிய குழாயும், கதவின் கீழே காற்று நுழைய ஓர் இடைவெளியும் வேண்டும். ஹைட்ரோ பில், அதாவது மின்கட்டணம், ஏறும் என்று அந்த விசிறியை நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. 30 வாட் விசிறி நாள் முழுவதும் சுழன்றாலும் ஒரு யூனிட் ஆகாது.

கூழ்முட்டை நாற்றம் என்றால் காரணம் வேறு. தரையிலுள்ள வடிகாலின் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் வாயுவைத் தடுக்கிறது. குளிர்கால வறண்ட காற்றில் அது வற்றிப்போகும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பல வேளைகளில் அன்றே நாற்றம் நின்றுவிடும். கழிப்பறையில் தண்ணீர் அடிக்கும்போது பக்கத்துக் குளியல் தொட்டி களகளவென்று சத்தமிட்டால், அந்தக் குழாய்களுக்குக் காற்றுவழி சரியாக இல்லாமலோ, குழாயில் அடைப்போ இருக்கலாம். அதற்கு உரிமம் பெற்ற குழாய்த் தொழிலாளிதான் வரவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பக்கத்து அறையில் பழைய எரிவாயு வெந்நீர்க்கலம் இருந்தால், வலிய விசிறி அதன் புகையைப் புகைபோக்கியிலிருந்து வீட்டுக்குள் இழுத்துவிடக்கூடும். விசிறியை மாற்றுமுன் அதையும் சோதிப்பியுங்கள். காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து வருபவரிடம் முதல் மாத, கடைசி மாத வாடகையைக் கையில் வாங்குமுன், அந்தக் குளியலறைக் கதவை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உள்ளே நின்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பேஸ்மென்ட்வாசி ஒருவன்