2000 வாட் எதற்கடா?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நம் கூட்டாளி ‘பூனை’ இன்னும் கடனைத் திருப்பவில்லை. கேட்டால் உன்னைக் கைகாட்டுகிறான். அந்தப் பஞ்சாயத்தை நேரில் வைத்துக்கொள்வோம்.

நீ போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் என்னை உடனே பேனா எடுக்க வைத்தது. கறியைப் புகையில் வேகவைக்கும் உன் புகைப்பெட்டியில் இருக்கிற 800 வாட் ஹீட்டர் காயிலைக் கழற்றிவிட்டு, தண்ணீர் சுடவைக்கும் 2000 வாட் ராடை மாட்டப் போகிறாயாம். டேய், கொஞ்சம் பொறு. அந்த ராடின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்வதால்தான் அது பிழைக்கிறது. வெறும் காற்றில் ஓடவிட்டால் சிவந்து போய் உறையே வெடிக்கும். மாற்றியே தீருவாய் என்றால் ஓவனில் வருகிற மாதிரி காற்றுக்கென்றே செய்த காயிலாகப் பார்.

அதற்கு முன்னால், காயில் மேல் குற்றம் இருக்கிறதா என்று பார்த்தாயா? கறியின் உள்சூடு 68 டிகிரியில் மணிக்கணக்காக நின்றுவிட்டது, அதனால் ஹீட்டருக்குத் தெம்பில்லை என்கிறாய். பெரிய துண்டு எதுவானாலும் 65 முதல் 75 டிகிரிக்குள் அப்படித்தான் முரண்டு பிடிக்கும். மேல்பரப்பின் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், உள்ளே போகிற சூடெல்லாம் அதிலேயே செலவாகிவிடுகிறது. வெயிலில் வியர்த்த உடம்பு குளிர்வது போலத்தான். கறியை அலுமினியத் தாளில் சுற்றி வை, சூடு மேலே நகரும். சந்தேகம் தீரவில்லையா, பெட்டியைக் காலியாக ஓட்டிப் பார். 110, 120 டிகிரியைத் தொட்டுவிட்டால் காயில் நிரபராதி. தொடவில்லை என்றால் முதலில் கதவு இடுக்கைத் தடவிப் பார். அனல் கையில் அடித்தால் அதை அடை.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் 1200 வாட் தாராளம். ஏன் தெரியுமா? இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, என் பெட்டிதான் காட்டிக்கொடுத்தது. 1500 வாட் காயில் போட்ட பிறகு பெட்டி சட்டென்று சூடாகிறது, ஆனால் புகையைக் காணோம்! சூடு எட்டியதும் தெர்மோஸ்டாட் காயிலை அணைத்துவிடுகிறது. மரச்சில்லு கனிந்து புகைய ஏறக்குறைய 300 டிகிரி வேண்டும். காயில் இப்படி விட்டுவிட்டு எரிந்தால் சில்லு வைத்த தட்டு அந்தச் சூட்டுக்குப் போவதே இல்லை. பழைய காயில் ஓயாமல் எரிந்துகொண்டிருந்ததால் புகை தானாக வந்தது. இப்போது சில்லுத் தட்டுக்கு அடியில் தனியாக 300 வாட் சின்ன ஹீட்டர் வைத்துவிட்டேன். பெட்டியின் சூட்டுக்கு ஒன்று, புகைக்கு ஒன்று. மெல்லிய நீலப் புகை நூலாய் இழைகிறது! வந்து பார்த்தால் நீயும் மாறிவிடுவாய். பொறாமையில் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டாய், அது வேறு.

சரி, இனி விளையாட்டு இல்லை. 230 வோல்ட்டில் 800 வாட் இழுப்பது மூன்றரை ஆம்பியர். 2000 என்றால் ஏறக்குறைய ஒன்பது. உன் பெட்டிக்குள் ஓடுகிற சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. பெட்டிக்குள் அதைவிடச் சூடு. சிலிக்கான் உறை ஒயர் போடு. காயில் முனையில் ஈயம் வைத்துப் பற்றவைக்காதே, உருகிக் கழன்றுவிடும். ஒயரை உள்ளே விட்டு அழுத்திப் பொருத்தும் முனையும் பீங்கான் டெர்மினலும் போதும். பெட்டியின் உடம்புக்கு எர்த் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் காப்பு இல்லாமல் சுவிட்சைப் போடாதே. தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் காயிலைத் தானாகப் போட்டு அணைக்கும் எலெக்ட்ரானிக் ரிலே வைக்கிற யோசனை இருந்தால் இன்னொன்றும் கேள்: அந்த ரிலே கெட்டால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். நீ தூங்கப் போயிருப்பாய், அது எரிந்துகொண்டே இருக்கும். அதனால் சூடு எல்லை மீறினால் தானே துண்டிக்கும் கட்-அவுட் ஒன்றைக் காயிலோடு தொடரில் சேர். ராத்திரி முழுக்க ஓட்டுகிற ஆள் நீ, குழந்தைகள் இருக்கிற வீடு. இதில் உன் சிக்கனத்தைக் காட்டாதே.

அந்த ராடை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பு. அப்புறம், பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கழற்றி, பழைய காயிலின் இரண்டு முனைக்கும் இடையே உள்ள மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து எழுது. 66 ஓம் பக்கம் காட்டினால் அது இன்னும் நல்ல 800தான். காலிப் பெட்டி எத்தனை டிகிரி வரை போகிறது என்பதையும் சேர்த்து எழுது. அதைப் பார்த்துவிட்டு எந்தக் காயில் என்று முடிவு செய்வோம். அதுவரை கழற்றுகிற வேலையே வேண்டாம்.

உன் பழைய கூட்டாளி