டோக்கன் மேசைக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சகோதரிக்கு,

பெயர் போட வேண்டாம் என்றீர்கள். டோக்கன் மேசையில் இருப்பவர் என்றே எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கு அது போதும்.

அன்று மாலை டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா அப்படியே சரிந்தார். கை கால் இரண்டு முறை வெட்டி இழுத்தது. வலிப்பு என்று முடிவுகட்டி ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார். நான் சோடா வாங்க ஓடப் பார்த்தேன். நீங்கள்தான் தோளைத் தட்டிக் கூப்பிட்டீர்கள், நெஞ்சைக் கவனித்தீர்கள். "மூச்சு வருகிறதே" என்றேன். விட்டுவிட்டுக் கொர்ரென்று வாயால் இழுப்பது மூச்சே அல்ல, இதயம் நின்றுபோனதன் அடையாளம் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் அப்பா பிழைத்தார்.

108ஐ அழைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டு என் கையில் திணித்தீர்கள். அப்பாவைத் தரையில் கிடத்தி நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்கினீர்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நெஞ்சு 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டுமாம். எலும்பு ஒடிந்துவிடும் என்று கத்தினேன். "ஒடிந்தால் ஒட்டிக்கொள்ளும்" என்றீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. களைத்த கை ஆழமாக அழுத்தாது என்று 2 நிமிடத்துக்கு ஒரு தடவை மருந்துக்கடைத் தம்பியுடன் மாற்றிக்கொண்டீர்கள். அந்தத் தம்பிக்கும் நன்றி. மின் அதிர்ச்சி கொடுத்து நாடியை மீட்ட 108 மருத்துவ உதவியாளருக்கும், சந்தைக் கூட்டத்தில் வண்டியை நுழைத்து வந்த பைலட்டுக்கும் நன்றி.

ஆனால் என் நினைவை விட்டுப் போகாதது அந்த ஓ.பி. சீட்டு. தம்பி அழுத்திய இடைவெளியில் அதன் பின்பக்கம் கிறுக்கினீர்கள்: 6.40 விழுந்தார். 6.41 அழுத்தம் தொடக்கம். சர்க்கரை 9 வருடம். பென்சிலின் ஒவ்வாது. கீழே, பதிவேட்டைப் பார்த்து எழுதிய மாத்திரைப் பெயர்கள். அரசு மருத்துவமனையில் முதலில் கேட்டவை இவைதான். பெற்ற பிள்ளை விழித்தேன். சீட்டுதான் பதில் சொன்னது.

நர்ஸிங் படித்தவரா என்று பிறகு கேட்டேன். இல்லையாம், முதலுதவிப் பயிற்சிக்கு மட்டும் தவறாமல் போவீர்களாம். 'டோக்கன் கொடுக்கிற வேலைதானே' என்று அலட்சியமாக நினைத்திருந்தவன் நான். மன்னியுங்கள்.

அப்பா வீடு திரும்பிவிட்டார். விலா எலும்பு இரண்டில் விரிசல். இருமும்போதெல்லாம் உங்களைத்தான் செல்லமாகத் திட்டுகிறார். உங்கள் 14ஆம் எண் டோக்கன் அவருடைய வேட்டி மடிப்பில் இருந்தது. அடுத்த முறை வரும்போது அவர் கையாலேயே திருப்பித் தருவார்.

நன்றியுடன்,
அவருடைய மகன்