போனில் அழித்தால் கிளவுடிலும் அழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் இடம் நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த குறிப்பில், ‘கூகுள் போட்டோஸில் பேக்கப்பை ஆன் செய்துவிட்டுப் படங்களை அழித்துவிடலாம்’ என்று ஒரு வரி இருந்தது. பேக்கப் என்பது போனில் உள்ள படங்களைத் தானாகவே கூகுள் கணக்கில் ஏற்றிவைப்பது. அதை அப்படியே செய்கிறவர் படங்களைப் பறிகொடுக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்துக்கு ‘டெலீட்’ கொடுத்தால், போனில் உள்ள பிரதியோடு கூகுள் கணக்கில், அதாவது கிளவுட் என்ற இணையச் சேமிப்பில், உள்ள பிரதியும் போகும். அதே கணக்கில் இணைந்த டேப்லெட்டிலும் கணினியிலும் அந்தப் படம் இருக்காது. ஐபோனில் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட் போட்டோஸ் ஆன் ஆகியிருந்தால் அங்கும் இதே நிலைதான். இவை எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பதற்கென்றே செய்யப்பட்டவை. நீங்கள் அழித்ததையும் ஒழுங்காக எல்லா இடத்துக்கும் கொண்டுசேர்க்கும். இடம் மட்டும் வேண்டுமென்றால் கூகுள் போட்டோஸில் அழுத்த வேண்டியது ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’. கணக்கில் ஏறி முடிந்த படங்களின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும். ஐபோனில் அதற்கு இணையானது ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’.

தவறுதலாக அழித்துவிட்டவர் உடனே பார்க்க வேண்டிய இடம் டிராஷ். கூகுளில் பேக்கப் ஆகியிருந்த படம் அங்கே 60 நாள் இருக்கும்; பேக்கப் ஆகாதது 30 நாள்தான். ஐபோனில் ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ ஆல்பம் 30 நாள். அந்தக் கெடு தாண்டியபின் ‘ரெக்கவரி ஆப்’ எதையும் நம்ப வேண்டாம். இன்றைய போன்கள் சேமிப்பு முழுவதையும் குறியாக்கம் செய்தே, அதாவது அந்தப் போனைத் தவிர வேறெதிலும் படிக்க முடியாதபடி மாற்றியே, வைக்கின்றன. கோப்பு அழிந்ததும் அதன் இடத்தையும் போன் சீக்கிரமே துடைத்துவிடுகிறது. அந்தச் செயலிகள் மீட்டுக் கொடுப்பதாகக் காட்டுபவை பெரும்பாலும் கேலரி தன் வசதிக்காக வைத்திருந்த சிறு முன்னோட்டப் படங்கள், பெரிதாக்கினால் மங்கிவிடும். போர்டு எரிந்த போனுக்கும் அதே குறியாக்கம்தான் தடை. மெமரி சிப்பைக் கழற்றி வேறு கருவியில் படித்தாலும் படம் கிடைக்காது.

சரி, ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ அழுத்தியாயிற்று. இப்போது உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி, அதுவும் ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால். போன் தொலைந்தால் சிம்மும் சேர்ந்தே போகிறது. புதுப் போனில் கணக்கைத் திறக்கும்போது ஓடிபி அந்தத் தொலைந்த எண்ணுக்கே போகும். இதற்காகத்தான் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ‘பேக்கப் கோட்ஸ்’ என்று பத்து எண்கள் தருகிறார்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதால் பயனில்லை.

இலவச இடமும் பலர் நினைப்பதைவிடக் குறைவு. கூகுள் அளவின்றி இலவசமாக ஏற்றிக்கொண்ட காலம் 2021 ஜூன் 1-உடன் முடிந்தது. இப்போதுள்ள 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதிலேயே கழிகிறது. ஐகிளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிபி. இடம் நிறைந்த நாளோடு பேக்கப் நின்றுவிடும். அறிவிப்பைத் தள்ளிவிட்டு மாதக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். போட்டோஸ் செயலியின் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேக்கப் கம்ப்ளீட்’ என்று இருக்கிறதா என வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் நீக்கலாம் என்பதும் விதி. பழைய மின்னஞ்சல் ஒன்றில் குழந்தைகளின் படங்களை ஏற்றிவைத்து மறந்தவர்கள் இன்றே ஒருமுறை உள்ளே போய் வரட்டும்.

அடுத்தது, பேக்கப் ஆகாமலே இருப்பவை. கூகுள் போட்டோஸ் தானாக ஏற்றுவது கேமரா ஃபோல்டரை மட்டும். வாட்ஸ்அப்பில் வந்தவை, ஸ்கிரீன்ஷாட், பதிவிறக்கியவை எல்லாம் வெளியே நிற்கும். செட்டிங்ஸில் ‘பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்குப் போய் வேண்டியதை ஒவ்வொன்றாக ஆன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டரை மொத்தமாக ஆன் செய்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காலை வணக்கப் படங்களே 15 ஜிபியைத் தின்றுவிடும். உறவினர் அனுப்பிய நல்ல படங்களைத் தனி ஆல்பமாகச் சேமித்து அதை மட்டும் ஏற்றுவது நல்லது. படங்களைப் பூட்டி மறைத்துவைக்கும் ‘லாக்டு ஃபோல்டர்’ பயன்படுத்துவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதற்கான பேக்கப்பைத் தனியாக ஆன் செய்யாவிட்டால், போனை ரீசெட் செய்து (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கி) முடித்தவுடன் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும்.

ஆகவே இரண்டாவது பிரதி ஒன்று, அழித்தாலும் தானாக அழியாத இடத்தில் வேண்டும். கணினியில் கேபிள் வழி மாட்டும் தனி ஹார்ட் டிஸ்க் போதும்; இப்போதுள்ள படங்களின் மொத்த அளவைப் போல் குறைந்தது இரு மடங்கு கொள்ளளவு பார்த்து வாங்குங்கள். பென் டிரைவும் மெமரி கார்டும் படங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத்தான். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அவற்றில் பதிந்தது கசிந்து போகலாம். புது டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) ஃபார்மேட் செய்தால் விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. ஐபோனில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ அமைப்பில் எடுக்கும் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 350 எம்பி என்பதால், 12 நிமிடப் பதிவே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்ததும் அது சார்ஜ் மட்டுமே ஏற்றும். அறிவிப்பை இழுத்து ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்ந்தெடுத்து, திரையைப் பூட்டாமல் வைத்து, டிசிஐஎம் ஃபோல்டருக்குள் உள்ள கேமராவைத் திறக்க வேண்டும். பல ஆயிரம் படங்களை ஒரே இழுப்பில் இழுத்தால் பாதியில் நின்றுவிடும். எதுவரை போயிற்று என்றும் தெரியாது. ஐந்நூறு, ஆயிரமாகப் பிரித்து நகலெடுங்கள். எக்காரணம் கொண்டும் ‘கட்’ வேண்டாம். இடையில் கேபிள் அசைந்தால் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் போகிற படங்கள் அதில்தான் அதிகம். நகல் முடிந்ததும் இருபுறமும் ‘பிராப்பர்டீஸ்’ திறந்து கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பிறகு டிஸ்க்கில் இருந்தே சில வீடியோக்களைக் கடைசி நொடி வரை ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் அறுந்துபோன வீடியோவுக்கும் ஐகான் ஒழுங்காகத்தான் தெரியும்.

ஐபோனில் இரண்டு சிக்கல்கள். செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பது ‘ஆட்டோமேட்டிக்’ ஆக இருந்தால், நகலெடுக்கும்போதே ஐபோனின் ஹெச்இஐசி வடிவப் படங்களைப் பொதுவான ஜேபெக் வடிவுக்கு மாற்ற முயன்று விண்டோஸில் அடிக்கடி பிழை காட்டி நிற்கும். அதை ‘கீப் ஒரிஜினல்ஸ்’ ஆக்குங்கள். இரண்டாவது, மேலே சொன்ன ‘ஆப்டிமைஸ்’ ஆன் ஆகியிருக்கும் போனில் பல படங்களின் முழு வடிவமே இருக்காது. கேபிளில் இணைத்தால் அவை கணினியில் தெரியாது. அவற்றை ஐகிளவுட் தளத்தில் இருந்தோ கணினிக்கான ஐகிளவுட் செயலி வழியாகவோதான் இறக்க வேண்டும்.

கூகுளில் மட்டுமே இருப்பவற்றை இறக்க ‘கூகுள் டேக்அவுட்’ உள்ளது. படங்களைக் கட்டித் தரும் ஜிப் கோப்பின் அளவை 2 ஜிபியில் விட்டால் பத்து இருபது துண்டுகளாக வரும். 50 ஜிபி என்று மாற்றலாம், ஆனால் இணையம் அறுந்துகொண்டே இருக்கும் வீட்டில் சிறு துண்டுகளே மேல். பதிவிறக்க இணைப்பு ஒரு வாரம் மட்டுமே செல்லும். படங்களோடு ஜேசன் என்ற சிறு கோப்புகள் கூடவே வரும். குப்பை என்று அவற்றை அழிக்காதீர்கள்; கூகுள் போட்டோஸில் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் இருப்பது அவற்றில்தான்.

அடுக்கி வைக்கும் முறை எளிதாக இருந்தால்தான் நீடிக்கும். டிஸ்க்கில் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘2024-05 அக்கா கல்யாணம்’ என்பது போல் ஆண்டும் மாதமும் முன்னால் வரும் பெயர். அப்படி இருந்தால் தானாகவே கால வரிசையில் நிற்கும். செயலிக்குள் நீங்கள் உருவாக்கிய ஆல்பங்கள் கேபிள் வழி நகலில் ஃபோல்டராக வராது என்பதால் இந்த உழைப்பு வீணல்ல. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது. நகலெடுத்த நாளைக் கணினி காட்டினாலும் பதற வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படம் மட்டும் விதிவிலக்கு. அனுப்பும்போதே அந்தக் குறிப்புகள் நீங்கி, படமும் சுருங்கிவிடும். கோப்புப் பெயரில் இருப்பது எடுத்த நாள் அல்ல, வந்த நாள். ஆகவே ஒரே படம் இரண்டு இருந்தால் அளவில் பெரியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். உறவினரிடம் கேட்கும்போதும் ‘டாக்குமெண்டாக அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்குங்கள். அப்படி வந்தால் மூலப் படம் குறையின்றி வரும்.

நகல் முடிந்தவுடன் டிஸ்க்கைக் கணினியில் இருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே இருந்தால் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கணினியைத் தாக்கும்போது அதையும் பூட்டிவிடும். புகைப்படக்காரர்கள் சொல்லும் 3-2-1 கணக்கு, மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில் என்பது. போன், டிஸ்க், கிளவுட் என்று வைத்தால் அது நிறைவேறிவிடுகிறது. போனில் இடத்தைக் காலி செய்துவிட்டவர் இரண்டாவது டிஸ்க் ஒன்றை உறவினர் வீட்டில் வைக்கலாம்.

போனைச் சர்வீசுக்குக் கொடுக்கும் முன்னும், விற்கும் முன்னும் பேக்கப்பும் டிஸ்க் நகலும் முழுமையாக இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மென்பொருள் கோளாறு என்றால் சர்வீஸில் பெரும்பாலும் ரீசெட் செய்துதான் தருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்