பெட்டியின் பின்பக்கம் தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பால்மா மட்டுமே வாங்கிவந்த வெள்ளவத்தை வீடுகள் பலவற்றில் இப்போது சோயா, ஓட்ஸ், பாதாம் பால் பெட்டிகளும் இருக்கின்றன. பசுப்பாலில் உள்ள லக்டோஸ் என்ற சர்க்கரை செமிக்காமல் வயிறு ஊதி, வயிற்றோட்டத்தால் அவதிப்படுகிறவர்களுக்கு இது நல்ல மாற்றம்தான். என் அம்மாவும் இப்போது சோயாப் பாலில்தான் தேத்தண்ணீர் குடிக்கிறார்.

சரி, ஆனால் எல்லாம் ஒன்றல்ல. பசுப்பால் 100 மில்லிலீற்றரில் சுமார் 3.3 கிராம் புரதம் உண்டு. சோயாப் பால் அதற்குக் கிட்ட வரும். கடையில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பாலும் 1 கிராம்கூட இராது. கல்சியமும் தயாரிப்பவர்கள் சேர்த்தால்தான் போதிய அளவு கிடைக்கும். அதுவும் அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். நீரிழிவுக்காரர் சீனியின் அளவையும் பார்க்க வேண்டும். வீட்டில் பிழியும் தேங்காய்ப்பால் பசுப்பாலுக்கு ஈடாகாது. அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், கல்சியம் மிகக் குறைவு.

இதையெல்லாம் அறிய பெட்டியின் பின்பக்கத்தை வாசிக்க வேண்டுமே! நான் எடுத்துப் பார்த்த இறக்குமதிப் பெட்டியில் பொடி எழுத்தில் ஆங்கிலம் மட்டும்தான். அம்மா போன்றவர்கள் என்ன செய்வார்கள்? புரதம், கல்சியம், சீனி ஆகியவற்றின் அளவையாவது தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டி விற்கச் சம்பந்தப்பட்டவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் பெட்டிப் பால்கள் தாய்ப்பாலுக்கோ குழந்தைப் பால்மாவுக்கோ மாற்றல்ல என்பதைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே பெரிதாகப் போடவேண்டும்.

வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.