ஆல்ஃபாவா ஃபியட்டா என்று கேட்டாய்

மக்களே,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மையும் சுகம். மழை பிடித்தால் அம்மைக்கு முட்டுவலி கூடும், அது உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு பழைய வண்டிகளில் எதை வாங்கலாம் என்று கேட்டு நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பிய 9 படங்களையும் பார்த்தேன். வில்லுக்குறி மாமாவின் பேரன் வந்து டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினான். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை அந்தப் பையனே படம் பிடித்து உனக்கு அனுப்புவான். பொறுமையாகப் படி.

கார் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறவன், தக்கலையில் ஒர்க்ஷாப் வைத்திருந்த அப்பாவிடம் வண்டி வாங்க யோசனை கேட்கிறான் என்று சபையில் அசன விருந்தன்று நாலு பேரிடம் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அம்மைக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளை எதுக்கு இப்போ வண்டியைப் பத்திப் பேசுறான்னு பாக்காம, நீங்க வண்டியைப் பாக்குறீங்க" என்றாள். அது கிடக்கட்டும். முதலில் வண்டியைப் பார்ப்போம்.

ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் என்ஜின் எந்த ஊரில் இருந்தாலும் என்ஜின்தான். 1974 மாடல், இரண்டு லிட்டர், வலது பக்க ஸ்டீரிங், வந்த நாளிலிருந்து இங்கிலாந்திலேயே ஓடிய வண்டி என்கிறாய். பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே அலுமினியம். மேலே வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு, அவற்றைச் சுற்றுவது செயின். செயின் எனக்குப் பிடிக்கும். தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். அந்த என்ஜினில் நீ பார்க்க வேண்டியது பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பார். பால் சாயா நிறத்தில் கொழகொழவென்று வந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. குளிர் ஊரில் கொஞ்ச தூரமே ஓடும் வண்டிக்கு மூடியில் லேசாக ஈரம் சேரும், அதைக் கண்டு பயப்படாதே. ரேடியேட்டரிலும் ஆயில் மிதக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். அடுத்தது இரண்டாவது கியர். என்ஜின் சூடாவதற்கு முன்பே ஓட்டு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்றால், கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் சிங்க்ரோ வளையம் போய்விட்டது. விற்கிறவர் நீ வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படு. போனெட்டில் கை வைத்துப் பார்த்த பிறகே சாவியை வாங்கு.

ஃபியட் 124 ஸ்பைடர் என்றதும் எனக்கு மார்த்தாண்டம் டாக்டர் வைத்திருந்த 118 என்இ ஞாபகம் வந்தது. நம் நாட்டில் பிரீமியர் செய்த அந்த வண்டியின் உடம்பு ஃபியட் 124தான், என்ஜின் மட்டும் நிசான். ஸ்பைடரின் உடம்பு வேறு, ஆனாலும் அடியில் ஒரே குடும்பம். நீ பார்த்திருப்பது 1979 மாடல், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த இடது பக்க ஸ்டீரிங் வண்டி. அதன் என்ஜினை வரைந்தவர் அவுரேலியோ லாம்பிரெடி, ஃபெராரிக்கு என்ஜின் வரைந்துவிட்டு ஃபியட்டுக்கு வந்த மனிதர். நம்மிடம் இருந்த பச்சை ஃபியட் 1100-இல் கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கோடு கிடக்கும், கம்பி தள்ளித்தான் வால்வு திறக்கும். இதில் இரண்டும் மேலே. பல் வைத்த ரப்பர் பெல்ட் சுற்றுகிறது. பிளாக் வார்ப்பு இரும்பு, அதனால் எனக்குத் தைரியம். பெல்ட்டை மாற்றியது எந்த வருடம் என்று கேள். எத்தனை மைல் ஓடியது என்பது எனக்கு முக்கியம் இல்லை. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காய்ந்துபோகும். பில்லைக் காட்டவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வு வளையலாம், அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

இரண்டுக்கும் எமன் துருதான். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிறார்கள் என்று நீ போன முதல் வருடமே எழுதியிருந்தாய். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் வரும் வண்டிகளுக்கு நான் செய்தது பாதி மெக்கானிக் வேலை, பாதி டிங்கரிங். நம் கடல்காற்று எல்லாப் பக்கமும் தின்னும். உங்கள் ஊர் உப்பு அடியிலிருந்து தின்னுகிறது, அதனால் வெளியே தெரியாது. பெயின்டைப் பார்த்து மயங்காதே. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியிலும், சக்கர வளைவிலும் வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் துருவை மூடிய பட்டி இருக்கிறது. கால்மிதி மேட்டைத் தூக்கித் தரையைப் பார். ஃபியட்டில் போனெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பூட்டியிருக்கும் இடத்தைப் பார். அங்கே தகடுகளுக்கு நடுவில் ஈரம் தங்கி உள்ளுக்குள்ளே அரிக்கும். அது போனால் வண்டி போனது. மேல்கூரை கழற்றும் வண்டிகள் இவை. உடம்பின் பலம் முழுவதும் அடியில்தான். அடி அரித்துவிட்டால் கதவு சரியாக மூடாது. கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்.

இரண்டும் அழகான வண்டிகள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டுக்கும் உருவம் கொடுத்தது பினின்ஃபரினா. ஆல்ஃபா 1966 மார்ச்சில் ஜெனீவாவில் வெளிவந்தது, ஃபியட் அதே வருடம் நவம்பரில் டூரினில். ஆல்ஃபாவில் வேகம் கூடுதல், இரண்டு இரட்டைக் கார்புரேட்டர் சேர்ந்து பாடும்போது கேட்க நன்றாக இருக்கும். ஃபியட்டை அமெரிக்காவின் புகைச் சட்டத்துக்காகக் கட்டிப்போட்டிருப்பார்கள், வேகம் குறைவுதான்.

இருந்தாலும் என் முடிவு ஃபியட். உப்பு படாத வண்டி, இரும்புப் பிளாக். அப்புறம், அதில் பின்னால் ஒரு சீட் இருக்கிறது.

நாலாவது படத்தில் அதைப் பார்த்தேன். சின்னதுதான். கால் வைக்க இடமில்லை, பெரியவர்கள் உட்கார முடியாது. ஆல்ஃபா படத்தில் அந்த இடத்தில் வெறும் தட்டு, பை வைக்கலாம். நீ 2 வண்டிக்கும் விலை, மைல், நிறம், டயர் எல்லாம் எழுதியிருக்கிறாய். பின் சீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. வண்டி வாங்குகிறவன் முதலில் யார் யார் உட்காருவார்கள் என்றல்லவா கணக்குப் போட வேண்டும்? ஆல்ஃபாவிலும் உன் பையனைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று நீ சொல்வாய். சரி. அப்போது அவன் அம்மா எங்கே உட்காருவாள்?

ஈஸ்டருக்குப் பிறகு நாங்கள் பையனைப் போனில் பார்க்கவில்லை. கேட்கும்போதெல்லாம் பள்ளிக்கூடம், நீச்சல், தூங்குகிறான் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டாய். அம்மை ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். மருமகள் சனிக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். மரச்சீனி எவ்வளவு நேரம் வேக வேண்டும், மீன்கறிக்குக் கொடம்புளி எத்தனை துண்டு என்று அம்மையிடம் கேட்டுக்கொண்டே சமைப்பாள். அதுவும் நின்றுபோனது. ஏழாவது படம் நீ ஜன்னலோரத்தில் இருந்து எடுத்தது. அந்த ஜன்னல் உங்கள் வீட்டு ஜன்னல் இல்லை. வாடகைக்கு எடுத்த இடமோ, சிநேகிதன் வீடோ, நான் கேட்கவில்லை. பின் சீட் இருக்கிற வண்டியை எடு என்று மட்டும் சொல்கிறேன்.

உன்னைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இதை இத்தனை வருடம் நான் உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

1989-இல் குலசேகரம் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து அந்தப் பச்சை 1100-ஐப் பழைய இரும்பு விலைக்கு வாங்கினேனே, அதைச் சரிசெய்ய எனக்கு 8 மாதம் பிடித்தது. அது ஒன்றரை மாத வேலை. மீதி நாட்கள் முழுவதும் வில்லுக்குறிக் காரியத்தில் அம்மையோடு கோபித்துக்கொண்டு நான் ஒர்க்ஷாப்பில் கிடந்தேன். அந்த வண்டியின் சீட்டைக் கழற்றித் தரையில் போட்டு அதில்தான் தூங்கினேன். அவசர வேலை என்று உன்னிடம் சொன்னேன். ஊரிலும் அப்படித்தான் சொன்னேன். பூட்டிய கார்புரேட்டரை மறுபடி கழற்றுவேன். மறுபடி பூட்டுவேன். பெயின்ட் காய்ந்த பிறகு தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பேன். வேலை முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டுமே, அந்தப் பயம்.

உனக்கு 9 வயது. பெரிய சைக்கிளில் அரைப் பெடல் போட்டுச் சாயங்காலம் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாய். நீ சாப்பிட்டாயா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இடவப்பாதி மழையில் ஒரு நாள் தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்தாய். வண்டிக்குக் கீழே குனிந்து, "அப்பா, நான் டார்ச் பிடிக்கட்டா?" என்று கேட்டாய். ஈரக் கையோடு பெயின்டைத் தொடாதே, வீட்டுக்குப் போ என்று நான் சத்தம் போட்டேன். நீ தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு அந்த மழையிலேயே போனாய். உன் சைக்கிள் மணிச் சத்தம் ரோட்டுத் திருப்பம்வரை கேட்டது. உன்னைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. நான் எழுந்திருக்கவில்லை.

பிறகு வண்டி முடிந்து, ஒரு நாள் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முன்னால் ஒரே பெஞ்சு சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேச்சிப்பாறைக்குப் போனோம். நீ நடுவில். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் கியரை மாற்றும்போதெல்லாம் உன் கால்முட்டைத் தட்டும். ஊரில் எல்லோரும் வண்டி பிரமாதம் என்றார்கள். நான் வீடு திரும்பினேன் என்று யாரும் பேசவில்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அம்மையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் சில வருடங்கள் ஆயின. உன்னிடம் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன், மக்களே. அந்த 8 மாதமும் தப்பு என்னுடையது.

உன் பையனுக்கு இப்போது அதே வயது.

மருமகளிடம் கோபமா, அவளுக்கு உன்னிடம் கோபமா, எனக்குத் தெரியாது. கேட்டால் நீ சொல்லவும் மாட்டாய். நீயும் என் பிள்ளைதானே. வண்டி வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகச் சம்பாதிக்கிறாய். இங்கிருந்து போய் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நிற்கிறாய். ஒரு நல்ல வண்டிக்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் வண்டியைப் பார்க்கத் தனியாகப் போகாதே. பையனைக் கூட்டிக்கொண்டு போ. அவனைக் கூட்டிவர அவன் அம்மாவிடம் பேச வேண்டியிருந்தால் பேசு. அடியில் குனிந்து பார்க்கும்போது டார்ச்சை அவன் கையில் கொடு. வெளிச்சம் அங்கே இங்கே ஆடத்தான் செய்யும், சத்தம் போடாதே. காந்தத்தையும் அவனிடமே கொடு, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று. பழைய வண்டிகள் பலவற்றில் பின்னால் சீட் பெல்ட் இருக்காது. பூட்ட முடியுமா என்று விசாரி. பெல்ட் இல்லாமல் அவனை அதில் ஏற்றாதே. 12 வயது வரைக்கும், இல்லையென்றால் 135 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பிள்ளைகளுக்குத் தனி சீட் வைக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறதே, அது அந்தச் சின்ன இடத்தில் நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதே.

அம்மை மட்டிப்பழம் வாங்கி வைத்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால், சும்மா வாங்கினேன் என்கிறாள். டிசம்பரில் வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. 3 டிக்கெட் என்றால் நானும் பணம் போடுகிறேன், கூச்சப்படாதே.

கோட்டாற்றில் சீட் தைக்கிறவர் இன்னும் கடை வைத்திருக்கிறார். ஃபியட்டை எடுத்தால் அந்தப் பின் சீட்டின் நீளம், அகலம், சாய்மானத்தின் உயரம் மூன்றையும் அளந்து அனுப்பு. பையனின் உயரத்தையும் சுவரோடு நிறுத்தி அளந்து எழுது. நான் கடைசியாக அளந்தபோது 121 இருந்தான்.

அப்பா