எம் பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களுக்கு வணக்கம்.

லண்டன் ஹரோவில் நடைபெறும் எமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வளர்ந்து, இவ்வாண்டு பல்கலைக்கழக நுழைவுக்கான ஏ லெவல் பரீட்சை எழுதிய பதினொரு பிள்ளைகளுள் ஒன்பது பேர், 2025 ஆகஸ்ட் 14ஆம் திகதி வெளியான பெறுபேறுகளின்படி பல்கலைக்கழகம் செல்கின்றனர். ஒருவர் வேலையோடு பட்டம் பயிலும் வழியைத் தெரிந்தெடுத்துள்ளார். மற்றொருவர் மருத்துவத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்கிறார். அப்பிள்ளைகளின் பெற்றோர் சார்பில் உங்கள் அனைவருக்கும் நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

பெற்றோராகிய எம்மில் பலர் இலங்கையில் படித்தவர்கள். அங்கே பெறுபேறு வந்த பின்னரே விண்ணப்பம். பாடப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியே பெரும்பாலும் தீர்மானிக்கும். இங்கோ, பரீட்சைக்குப் பல மாதங்கள் முன்னரே, ஆசிரியர்கள் எதிர்பார்க்கும் தரங்களை வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஏற்கும் பொது அமைப்பான யூகாஸ் ஊடாக ஐந்து தெரிவுகள் வரை செய்ய வேண்டும். மருத்துவத்துக்கு அவற்றுள் நான்கை மட்டுமே பயன்படுத்தலாம். மருத்துவத்துக்கும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜுக்கும் ஒக்டோபர் 15, ஏனைய பெரும்பாலான கற்கைகளுக்கு 2025 ஜனவரி 29 என்ற இறுதி நாட்களைக்கூட நாம் உங்களிடமிருந்தே அறிந்தோம். "நன்றாகப் படி" என்பதற்கு அப்பால் பிள்ளைக்குச் சொல்ல எம்மிடம் எதுவும் இருக்கவில்லை.

முதல் நன்றி எமது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. மருந்தியல் படிக்க விரும்பிய ஒரு மாணவி விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதும் பேர்சனல் ஸ்டேற்மென்றை, "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கி, இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகள் என்ற எல்லையைத் தாண்டி எழுதிவந்திருந்தார். ஐயா அந்த முதல் வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "போன ஞாயிறு மருந்தகத்திலை என்ன பிள்ளை செய்தனீர்?" என்று கேட்டார். சீட்டை வாசிக்கத் தெரியாமல் காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவந்த ஓர் அம்மாவைப் பற்றியும், அதை மருந்தாளரிடம் சொல்லி, மாத்திரைப் பெட்டியின் மூடிகளில் சூரியனும் நிலவும் வரைந்து கொடுத்ததைப் பற்றியும் அப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். "இதைத்தான் எழுத வேணும்" என்றார் ஐயா. ஒரு வரியையேனும் தாமாக எழுதிக் கொடுக்காமல், நான்கு சனிக்கிழமைகள் கேள்விகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பொறுமையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். ஆனால் அது அவருடைய எழுத்தாகவே இருந்திருக்கும், பிள்ளையுடையதாக அல்ல.

இரவுக் கடமை முடித்து உறக்கமின்றி வந்து, மருத்துவப் படிப்புக்கான யூகற் நுழைவுத் தேர்வுக்கும் அறை அறையாகச் செல்லும் நேர்முகத் தேர்வுகளுக்கும் பயிற்சி தந்த இளம் மருத்துவர்கள் இருவருக்கும் நன்றி. இடம் கிடைக்காத மாணவரை மறுநாளே தொலைபேசியில் அழைத்துப் பேசியவர்களும் நீங்களே.

சட்டத்தரணி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தற்காலிக வதிவிட உரிமை மட்டுமே உள்ள ஒரு மாணவருக்கு, வெளிநாட்டு மாணவர் கட்டணமே அறவிடப்படும், அரச கடனும் கிடையாது என யாரோ சொல்ல, அக்குடும்பம் விண்ணப்பத்தையே கைவிட இருந்தது. 2015இல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து விதி மாறியிருப்பதையும், பதினெட்டு வயதானவர் தம் வாழ்நாளில் பாதியை இந்நாட்டில் கழித்து, இறுதி மூன்று ஆண்டுகள் சட்டபூர்வமாக வசித்திருந்தால் கடனுக்குத் தகுதி உண்டு என்பதையும் அக்கா எடுத்துக்காட்டினார். எட்டு வயதில் வந்த அந்தப் பிள்ளையின் ஆரம்பப் பள்ளிக் கடிதங்களைத் தேடியெடுத்து, திகதி வாரியாகக் கோவையில் அடுக்கியவரும் அவரே. அந்தக் கோவை இல்லையென்றால் இன்று அந்தப் பிள்ளை பொறியியல் மாணவர் அல்லர்.

பெறுபேறு வந்த காலையில், ஒரு தரம் குறைந்ததால், இறுதியாக வைத்திருந்த முதல் தெரிவு, மாற்றுத் தெரிவு இரண்டையும் இழந்த மாணவியின் அருகில் அமர்ந்திருந்த வங்கி ஊழியரான தம்பிக்கும் நன்றி. மீதமுள்ள இடங்களை நிரப்பும் கிளியரிங்கில் பல்கலைக்கழகங்கள் பெற்றோரிடம் அல்ல, மாணவரிடமே பேச விரும்பும் என்பதால், அவர் தொலைபேசியைத் தாம் வாங்காமல், சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதி எழுதி நகர்த்திக்கொண்டிருந்தார். மூன்றாவது அழைப்பில் இடம் கிடைத்தது.

பரிந்துரைகளை அக்கறையுடன் எழுதிய பாடசாலை ஆசிரியர்களுக்கும், மாலை ஏழு மணிக்குப் பின்னரும் வெப்பமூட்டியை அணைக்காமல் விட்ட மண்டபப் பொறுப்பாளருக்கும், தேநீரும் வடையும் கொண்டுவந்த தாய்மாருக்கும் எமது நன்றி உரியது.

இரவலாகத் தந்த பயிற்சி நூல்கள் மண்டப அலுமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன. உரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், விட்டுவைத்தால், செப்டெம்பரில் வரவுள்ள ஏழு பிள்ளைகளும் பயன்படுத்துவர்.

நன்றியுடன்,
வகுப்பு ஒருங்கிணைப்பாளர்